ஜூனோ (2007): பெரியவளாவது எந்த வயதில்?

பாறைக்காரி, கொழிஞ்சாம்பாறை | சனி, இரவு 10.20

படம் பழசு. 2007-ல் வந்தது. இத்தனை வருஷம் கழித்து இதற்கு ஓர் இழை எதற்கு என்று கேட்பீர்கள். நேற்று எங்கள் வீட்டில் நடந்தது அப்படி.

அண்ணன் மகள் பத்தாவது படிக்கிறாள். தோழி பென் டிரைவில் கொடுத்தாள் என்று இந்தப் படத்தைக் கொண்டுவந்து டிவியில் சொருகினாள். மலையாள சப்டைட்டில். நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். அம்மா முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மலையாளம் காதால் கேட்டால் புரியும், எழுத்து தெரியாது. ஆகவே குட்டிதான் கீழே வருவதைப் படித்து, தமிழாக்கி, பாட்டிக்குச் சொல்லவேண்டும்.

ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டாள். கதாநாயகி ஜூனோவுக்கு 16 வயது. கடைக் கழிப்பறையில் ஒரே நாளில் மூன்றாவது சோதனை. ப்ளஸ் குறி வருகிறது. அது அழிந்துவிடும் என்று நினைத்தோ என்னவோ, குச்சியை உதறி உதறிப் பார்க்கிறாள். "என்னடி ஆச்சு அவளுக்கு?" என்றாள் அம்மா. குட்டி என் முகத்தைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். "அவளுக்கு... உடம்பு சரியில்ல பாட்டி."

அம்மா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முழுகாம இருக்கான்னு சொல்லு. எனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு அம்மா படம் முழுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அந்தப் பெண்ணின் அப்பாவும் சித்தியும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள் இல்லையா, அங்கே. "அந்தப் பையனுக்கே கட்டி வெச்சிட வேண்டியதுதானே? ஏன் ஒருத்தரும் அதைப் பேசல?"

இந்தப் படத்தை நான் கல்லூரி முடித்த புதிதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இது தோன்றவேயில்லை. உண்மைதான், ஒருத்தரும் பேசவில்லை. அப்பா அதிர்ந்து போகிறார், சித்தி உடனே வைட்டமின் மாத்திரைக்குப் போகிறாள், பெண்ணோ குழந்தையைப் பெற்றுத் தத்துக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்கிறாள். கல்யாணம் என்பது அந்த வீட்டில் ஒரு தீர்வாக யார் வாயிலும் வருவதில்லை. நம் ஊராக இருந்தால் முதல் வார்த்தையே அதுதான். அப்புறம்தான் அழுகை, அடி எல்லாம்.

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பக்கம் 12 வயதில், 13 வயதில் "பெரியவளாயிட்டா" என்கிறோம். எங்கள் கேரள எல்லையில் கோபாலபுரம் ரோட்டில் ஃபிளெக்ஸ் வைக்கிறோம், தாய்மாமன் சீர்த்தட்டு எத்தனை என்று எண்ணுகிறோம். மறுநாளிலிருந்து அந்த உடம்பைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்படியானால் பெரியவள் என்றது எதை?

இது அமெரிக்கக் கதை, நமக்குப் பொருந்தாது என்று எழுத வருகிறவர்கள் எழுதலாம். படத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நகரி நெசவு | சனி, இரவு 11.05

பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன் அக்கா. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் ஒன்பதாவது.

எனக்குப் படம் பிடிக்கவில்லை. நன்றாக எடுக்கவில்லை என்று சொல்லவில்லை, சுலபமாக எடுத்துவிட்டார்கள் என்கிறேன். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூட வராந்தாவில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள், பிள்ளைகள் விலகி வழி விடுகிறார்கள், அவ்வளவுதான். போலீஸ் இல்லை, சாதி இல்லை, ஊர்வாய் இல்லை. ஒன்பது மாசமும் ஜலதோஷம் மாதிரி போய்விடுகிறது. என் பெண் இதைப் பார்த்தால் என்ன எடுத்துக்கொள்வாள் என்றுதான் எனக்குக் கவலை.

ஆனால் உங்கள் அம்மா கேட்டது சரியான கேள்வி. ஆந்திர எல்லையில் எங்கள் நகரிப் பக்கம் நடப்பதே அதுதான். இங்கே 16 வயதில் வயிறு என்றால் அது பெரும்பாலும் தாலி கட்டிய பிறகு வருகிற வயிறு. பத்தாவதில் ஃபெயில், ஆறு மாசம் தறி வேலை, ஒரு வரன், ஏதோ ஒரு கோயிலில் கல்யாணம். பதினேழில் வளையல் போட்டுச் சீமந்தம். யாரும் அதை டீனேஜ் கர்ப்பம் என்று சொல்வதில்லை. நல்ல காரியம் என்கிறோம்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏற்கெனவே தாயானவர்களும் அப்போது கர்ப்பமாக இருந்தவர்களும் சேர்ந்து ஆந்திராவில் 12.6 சதவீதம். தமிழ்நாட்டில் 6.3. கேரளத்தில் 2.4. நாடு முழுக்க 6.8. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே தறி, அதே பாவு, பெண் கொடுத்து எடுப்பதும் அதே சனங்கள். கணக்கு மட்டும் இரட்டிப்பு.

குமுளிக்காரன் | சனி, இரவு 11.31

நகரி அண்ணா, நக்கல் அவளுக்கு ஒரு சட்டை மாதிரி. குளிருக்குப் போட்டுக்கொள்கிறாள். கடைசியில் கழற்றுகிறாள் பாருங்கள்.

சினிமா தகவல் கேட்பவர்களுக்கு: இயக்கம் ஜேசன் ரைட்மேன். எழுதியது டியாப்லோ கோடி, அவருக்கு இது முதல் திரைக்கதை, 2008-ல் அதற்கே ஆஸ்கர். கதை நடப்பது மினசோட்டாவில், எடுத்தது பெரும்பாலும் கனடாவின் வான்கூவர் பக்கம். சின்ன பட்ஜெட் படம், வசூல் 23 கோடி டாலரைத் தொட்டது. அந்த நடிகை பேர் என்ன, எலன்...

செங்கோட்டை ரயில் | சனி, இரவு 11.40

எலியட் பேஜ். 2020 டிசம்பரில் தான் திருநர் என்று சொல்லிப் பெயரை மாற்றிக்கொண்டார். படம் அதற்கு முந்தையது என்பதால் டைட்டிலில் பழைய பெயர் இருக்கும்.

குமுளிக்காரன் | சனி, இரவு 11.42

சரி, திருத்திக்கொள்கிறேன். நன்றி.

ஸ்கேன் ரூம் | ஞாயிறு, காலை 6.15

நைட் டூட்டி முடித்து வந்து இழையைப் படித்தேன். தூக்கம் போய்விட்டது.

இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வருகிற ஆட்கள்தான் எங்களுக்குப் பாதிப் பேர். அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்றால் எல்லை தாண்டி வருவார்கள். இங்கே இருக்கிறவர்கள் அங்கே போவார்கள்.

இந்தப் படத்தில் நான் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தது ஸ்கேன் காட்சியைத்தான். ஜூனோ படுத்திருக்கிறாள், பக்கத்தில் சித்தி பிரென், இன்னொரு பக்கம் தோழி. குழந்தையை வேறு தம்பதிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஸ்கேன் எடுக்கிற பெண் அதுவே நல்லது என்கிற மாதிரி ஒரு வார்த்தை விடுகிறாள். இந்த வயசுப் பிள்ளைகளிடம் வளர்ந்தால் குழந்தை என்ன ஆகும் என்கிற தொனி. பிரென் விடவில்லை. நீ ஸ்கேன் எடுப்பவள், நான் நகம் அலங்கரிப்பவள், அவரவருக்குத் தெரிந்ததோடு நிறுத்திக்கொள்வோம் என்று பிடித்து உலுக்குகிறாள். அவள் சித்தி, பெற்ற தாய் இல்லை. வீட்டில் இருவருக்கும் உரசல் வேறு உண்டு. அந்த அறையில் மட்டும் மகளுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கிறாள்.

இனி என் கதை. எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. தாயும் மகளும் வந்தார்கள். பிள்ளை பள்ளிச் சீருடைப் பாவாடைக்கு மேலே வேறு சட்டை போட்டிருந்தது. வயிற்று வலி என்றார் தாய். ஜெல்லைத் தடவினோம். குளிர்ச்சிக்கு அந்தப் பிள்ளை ஒரு நொடி சிரித்தது. கூச்சத்தில் வருகிற சிரிப்பு, சின்னக் குழந்தைகள் சிரிப்பது. பிறகு திரையில் தெரிந்தது. தாய் திரையையே பார்க்கவில்லை, சுவரில் ஒரு நகைக்கடைக் காலண்டர் தொங்கியது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே "இந்தக் காலத்துப் பொண்ணுங்க" என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசினார். கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையில் எட்டுப் பத்துப் பேர்.

நான் எதுவும் சொல்லவில்லை. ஜெல்லைத் துடைக்கப் பஞ்சு கொடுத்தேன். வெளியே வந்து பதிவேட்டில் எழுத உட்கார்ந்தால் "கணவர் பெயர்" என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். இன்றைக்கும் உறுத்துவது டாக்டர் பேசியது இல்லை, நான் கேட்டது.

நகரி நெசவு | ஞாயிறு, காலை 8.02

படித்தேன் சிஸ்டர். பதில் எழுதத் தெரியவில்லை.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 9.00

சொந்த அனுபவம் எழுதுகிறவர்கள் ஸ்கேன் ரூம் செய்தது போல ஊர், வருஷம், அடையாளம் எதுவும் தெரியாமல் எழுதவும். 18 வயதுக்குட்பட்டவர் யாரென்று ஊகிக்க முடிகிற பதிவு எதுவானாலும் நீக்கப்படும்.

செங்கோட்டை ரயில் | ஞாயிறு, காலை 10.47

எல்லோரும் சித்தியைப் பாராட்டுகிறீர்கள். நான் கொஞ்சம் சண்டை போடுகிறேன்.

கருக்கலைப்பு மையத்துக் காட்சியில் படம் ஏமாற்றுகிறது. வாசலில் வகுப்புத் தோழி ஒருத்தி தட்டி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உன் குழந்தைக்கு நகம்கூட முளைத்திருக்கும் என்கிறாள். உள்ளே போனால் வரவேற்பில் இருப்பவள் அலட்சியமாகப் பேசுகிறாள், காத்திருப்பவர்கள் விரலால் தட்டுவதும் சுரண்டுவதுமாக ஒரே சத்தம். ஜூனோ ஓடி வந்துவிடுகிறாள். ஒரு பெண்ணின் இவ்வளவு பெரிய முடிவை ஒரு நகத்தில் தொங்கவிட்டுவிட்டார்கள். அந்த மையத்தில் ஒரு நல்ல நர்ஸைக்கூட வைக்கவில்லை. ஆனால் தத்தெடுக்கிற வீடு மட்டும் பளபளவென்று இருக்கிறது. தன் படத்தைக் கருக்கலைப்புக்கு எதிரானது என்று சிலர் தூக்கிப் பிடித்ததில் டியாப்லோ கோடிக்கே பின்னாளில் சங்கடம் இருந்தது.

பாறைக்காரி | ஞாயிறு, காலை 11.30

ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காட்சி அவசரத்தில் தைத்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒன்று. போவதும் அவளே, திரும்பி வருவதும் அவளே. எந்தப் பெரியவரும் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை, பிடித்துத் தடுக்கவும் இல்லை. காரணம் நமக்கு அற்பமாகத் தெரியலாம். 16 வயதில் எடுக்கிற முடிவுகளுக்கு வேறு எப்படிக் காரணம் இருக்கும்?

கருப்புக்கோட்டு, பாலக்காடு | ஞாயிறு, மதியம் 1.15

கதை நம் எல்லையில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

2012 போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே "இருவருக்கும் சம்மதம்" என்ற பேச்சே கிடையாது. அதற்கு முன்பு இசைவு வயது 16-ஆக இருந்தது. படத்தில் அந்தப் பையன் பாலி பிளீக்கர் மஞ்சள் தலைப்பட்டையைக் கட்டிக்கொண்டு சதா ஓட்டப் பயிற்சியில் இருக்கிறான். இங்கே என்றால் ஓடுவதற்கு வேறு காரணம் வந்திருக்கும். அவனும் சிறுவன்தான் என்பதால் வழக்கு சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஜூனோ மருத்துவமனைக்குப் போன அன்றே, விஷயம் தெரிந்த டாக்டர் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாகவேண்டும். சட்டத்தின் 19-வது பிரிவு அது. கொடுக்காவிட்டால் அவர் மேலேயே வழக்கு.

இந்தப் பயத்தில்தான் பெண்கள் டாக்டரிடம் போகாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, ரத்தப்போக்கோடு வந்து சேர்கிறார்கள். அதனால் உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் ஒரு தீர்ப்பில் வழி சொன்னது. கருக்கலைப்புக்கு வருகிற சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் கொடுக்கிற தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை. இது எத்தனை டாக்டர்களுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். என் அனுபவத்தில், நான் அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைக்கவேண்டி வந்திருக்கிறது.

கருக்கலைப்பு: 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்து போதும். 20-க்கு மேல் 24 வரை இரண்டு டாக்டர்கள். 2021 திருத்தத்தில் இந்த நீட்டிப்புக்குத் தகுதியானவர்களில் சிறுமிகளும் உண்டு. 18-க்குக் கீழ் என்றால் பாதுகாவலர் எழுத்தில் சம்மதம் தரவேண்டும்.

இசைவு வயதை மறுபடி 16 ஆக்கலாமா என்று பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. சட்ட ஆணையம் 2023-ல் தன் 283-வது அறிக்கையில் குறைக்க வேண்டாம் என்றது. என் கருத்தைக் கேட்டால், ஒரே வயதுப் பிள்ளைகள் இருவரையும் முப்பது வயதுக்காரன் செய்த குற்றத்தையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கிறோம். அந்த அலமாரியைப் பிரித்து அடுக்கவேண்டும். இது வக்கீலாகச் சொல்வது. இரண்டு பெண்களுக்கு அப்பாவாக நகரி அண்ணன் வேறு சொல்வார், அதுவும் எனக்குப் புரிகிறது.

நகரி நெசவு | ஞாயிறு, மதியம் 2.20

வேறுதான் சொல்வேன். ஆனால் முப்பது வயதுக்காரன் என்றீர்களே, படத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது அந்தப் பையன் மேல் இல்லை. தத்தெடுக்க வந்த மார்க் மேல். மனைவி வீட்டில் இல்லாத நேரத்தில் இந்தப் பெண் போகிறாள், இருவரும் பாட்டு கேட்கிறார்கள், பேய்ப்படம் பார்க்கிறார்கள். ஒரு நாள் நடனமாடிக்கொண்டே மனைவியை விட்டுப் போகப்போவதாக இவளிடம் சொல்கிறான். தறியை நிறுத்திவிட்டு எழுந்து போகலாமா என்று இருந்தது.

பாறைக்காரி | ஞாயிறு, மதியம் 2.41

தறி ஓட்டிக்கொண்டே படம் பார்த்தீர்களா?

நகரி நெசவு | ஞாயிறு, மதியம் 2.44

செல்லில். பவர்லூம்தானே அக்கா, நூல் அறுந்தால்தான் கை வைக்கவேண்டும். சத்தத்தில் வசனம் கேட்காது, எழுத்து ஓடினால் போதும்.

குமுளிக்காரன் | ஞாயிறு, மாலை 4.10

மார்க்கைப் பற்றி நகரி அண்ணா சொன்னது சரி. படத்தில் சிறுபிள்ளை யார் என்றால் அவன்தான். விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டு வீடு கட்டிவிட்டான், ஆனால் இன்னும் ராக் ஸ்டார் ஆகும் கனவு. தன் சாமான்களை அந்தப் பெரிய வீட்டில் ஓர் அறைக்குள் அடுக்கி வைத்திருக்கிறான். ஜூனோ முதலில் அவனை ஒரு கூட்டாளி என்று நினைத்துவிடுகிறாள். அவன் தகப்பனாக ஆகவேண்டியவன் என்று அவளுக்குத்தான் முதலில் உறைக்கிறது, அவனுக்கு இல்லை. திரும்பி வரும்போது ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு அழுகிறாள். நான் சொன்ன சட்டை அங்கேதான் கழன்றது.

பாறசாலை | ஞாயிறு, இரவு 9.50

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று பகலெல்லாம் யோசித்தேன். எங்கள் மகள் தத்தெடுத்த குழந்தை. இப்போது ஏழு வயது.

நீங்கள் யாருமே மார்க்கின் மனைவி வனெசாவைப் பற்றி எழுதவில்லை. முதல் பாதியில் அவளைக் கண்டால் எரிச்சல் வருகிற மாதிரிதான் காட்டுகிறார்கள். எல்லாம் ஒழுங்கு, எல்லாம் சுத்தம், குழந்தை அறைச் சுவருக்கு ஒரே மஞ்சளில் இரண்டு சாயல்களை வைத்துக்கொண்டு எது என்று தவிக்கிறாள். அதைப் பார்த்துச் சிரித்தேன், சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. நான் மூன்றரை வருஷத்தில் ஒரு தொட்டில் துணியை எட்டுத் தடவை மாற்றியவள்.

கடைத்தொகுதியில் ஒரு காட்சி. வனெசா முட்டி போட்டு உட்கார்ந்து ஜூனோவின் வயிற்றில் கை வைக்கிறாள். அசைவு தெரியவில்லை. வயிற்றோடு பேசு என்கிறாள் ஜூனோ. பேசுகிறாள். உதைக்கிறது. சுற்றிலும் ஆட்கள் போய்வந்துகொண்டிருக்கிறார்கள், அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் ஜூனோ அவள் முகத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, தத்துக் கொடுப்பது உறுதியானது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் மார்க் போய்விட்ட பிறகும் ஒரு பழைய ரசீதின் பின்னால் இரண்டு வரி எழுதி வனெசா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். வனெசா அதைச் சட்டம் போட்டுக் குழந்தை அறையில் மாட்டுகிறாள்.

நம் ஊரில் அந்த இரண்டு வரி கிடைக்காது. படத்தில் ஜூனோ இலவச விளம்பரத் தாளில் பார்த்துத் தம்பதியைத் தேர்ந்தெடுக்கிறாள், அவர்கள் வீட்டுக்கே அப்பாவோடு போகிறாள். இங்கே அது குற்றம். பெற்றவள் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைப்புப் பத்திரம் எழுதவேண்டும். அவளே சிறுமி என்றால் கூட வருகிற பெரியவர் சாட்சிக் கையெழுத்து. மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள இரண்டு மாசம். அதற்குப் பிறகுதான் குழந்தை தத்துக்கான பட்டியலுக்கு வரும். நாங்கள் அவளைப் பார்க்க முடியாது, அவள் எங்களைப் பார்க்க முடியாது. அது நல்லது என்றுதான் சட்டம் நினைக்கிறது, நானும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்களுக்குத் தகவல் வந்தபோது நான் களியக்காவிளை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். செல்லில் ஒரு போட்டோ, கூடவே மருத்துவ அறிக்கை. 48 மணி நேரத்துக்குள் சரி என்று சொல்லவேண்டும். வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். இருபது நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டோம், அதில் பதினைந்து நிமிஷம் நெட்வொர்க் இல்லாமல் போனது. அந்த அறிக்கையில் தாயைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. அதை நான் இங்கே எழுதமாட்டேன். அது என் மகளுடையது.

அவளிடம் மூன்று வயதிலிருந்தே சொல்லிவிட்டோம். "நான் ஃபைல்ல இருந்து வந்தேன்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். போன மாசம் முதல் தடவையாகக் கேட்டாள்: "அந்த அம்மா இப்ப என்ன படிக்கிறாங்க?" என்ன வேலை செய்கிறார், எங்கே இருக்கிறார் என்றெல்லாம் கேட்கவில்லை. என்ன படிக்கிறார். அவளுக்குத் தெரிந்த பெரிய பெண்கள் எல்லாம் படிக்கிறவர்கள். தெரியவில்லை கண்ணு என்றேன். படம் பார்த்ததிலிருந்து அந்தக் கேள்விதான் மண்டைக்குள் சுற்றுகிறது. ஜூனோ திரும்பப் பள்ளிக்கூடம் போனாள். எங்கள் ஜூனோ போனாளா?

ஸ்கேன் ரூம் | ஞாயிறு, இரவு 10.30

அக்கா.

ஓய்வு டீச்சர், மறையூர் | திங்கள், காலை 7.20

பாறசாலை கேட்ட கேள்விக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்து ஒரு பதில் சொல்லலாம், ஆறுதலான பதில் இல்லை.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிகளில் தமிழ் மீடியம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரி ஒருத்தி. ஒரு மழைக்காலத்தில் வராமல் போனாள். கேட்டால் "சித்தி வீட்டுக்குப் போயிருக்கா" என்றார்கள். சித்தி வீடு மலைக்குக் கீழே, எல்லைக்கு அந்தப் பக்கம். எங்கள் மலையில் இந்த மாதிரி விஷயங்களுக்கு எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சித்தி இருப்பாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே தினமும் ஒரு சிவப்பு கோடு இழுத்தேன். விதிப்படி இத்தனை நாள் வராவிட்டால் பெயரை நீக்கவேண்டும். நீக்கினேன். என் கையெழுத்துதான்.

இரண்டு வருஷம் கழித்து டவுன் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கழுத்தில் தாலி, கையில் பை. "டீச்சர்" என்று சிரித்தாள். நான் நலம் விசாரித்தேன். திரும்பப் படிக்கிறாயா என்று கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் எனக்கு வாயில் வரவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதே, இனி என்ன என்று நானும் நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஆகவே பாறைக்காரியின் அம்மா கேட்டதற்குத் திரும்பி வருகிறேன். கட்டி வைத்தால் ஊருக்குப் பிரச்சினை முடிந்துவிடுகிறது. பதிவேட்டில் பெயரை அடித்த டீச்சருக்கும் முடிந்துவிடுகிறது.

நகரி நெசவு | திங்கள், காலை 8.40

டீச்சரம்மா, ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆந்திராவில் 2022-ல் ஒரு கல்யாண உதவித் திட்டம் வந்தது. பெண்ணுக்கு 18 நிரம்பியிருக்கவேண்டும், பெண்ணும் மாப்பிள்ளையும் பத்தாவது பாஸ் ஆகியிருக்கவேண்டும், அப்போதுதான் பணம். இரண்டு பேருமே பாஸ் என்று வைத்ததுதான் விசேஷம். எங்கள் தெருவில் ஒரு மாப்பிள்ளைப் பையன் அதற்காகவே இருபத்தி மூன்று வயதில் தனித்தேர்வு எழுதப் போனான். பெண் முதல் தடவையிலேயே பாஸ். அவனுக்குக் கணக்கில் மூன்று அட்டெம்ப்ட்.

முதலில் படம் பிடிக்கவில்லை என்று எழுதினேன். இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த அப்பா, வீட்டு ஏசி, ஹீட்டர் ரிப்பேர் பார்க்கிறவர், என்னை மாதிரி கைவேலைக்காரர். மகள் சொன்னதும் நீ இதைவிடப் புத்திசாலி என்று நினைத்தேன் என்கிற மாதிரி ஒன்று சொல்கிறார். அவள் தான் எப்படிப்பட்டவள் என்று தனக்கே தெரியவில்லை என்கிறாள். அந்த இடத்தில் அவர் மேற்கொண்டு பேசவில்லை. நான் பேசியிருப்பேன். ராத்திரி முழுக்கப் பேசியிருப்பேன்.

செங்கோட்டை ரயில் | திங்கள், மதியம் 12.15

பாறைக்காரி அக்கா, பாட்டி கடைசியில் என்ன சொன்னார்? குட்டி என்ன சொன்னாள்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

பாறைக்காரி | திங்கள், இரவு 9.30

குட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஜூனோ வைத்திருக்கிற அந்த ஹாம்பர்கர் வடிவ போன் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். இரவு படுக்கும்போது மட்டும், "அத்தை, எனக்கு அப்படி எதாச்சும்னா நீ பிரென் மாதிரி வருவியா, இல்ல அந்த ஸ்கேன் அக்கா மாதிரி பேசுவியா?" என்றாள். வருவேன் என்றேன். எனக்கே முழு நம்பிக்கை இல்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா விஷயம் வேறு. கடைசிக் காட்சியில் ஜூனோ சைக்கிளில் அந்தப் பையன் வீட்டுக்குப் போகிறாள், வாசல்படியில் இருவரும் ஆளுக்கொரு கிட்டாரோடு உட்கார்ந்து பாடுகிறார்கள். கோடைகாலம், வெயில். அம்மா வெங்காய முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "புள்ளையப் பெத்துட்டு மறுபடி விளையாடப் போயிட்டா பாரு" என்றாள். குரலில் குறை இல்லை. ஆச்சரியம்.

அப்புறம் சொன்னாள். எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. அம்மாவுக்குக் கல்யாணம் 1973-ல், 15 வயதில். அன்றைக்குச் சட்டமே பெண்ணுக்கு 15 தான், 18 ஆனது 1978-ல். அடுத்த வருஷம் முதல் பிரசவம். வேலந்தாவளத்துப் பக்கம் புகுந்த வீடு. ஏழாவது மாசத்தில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், நாத்தனாரோடு உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாளாம். நாத்தனாருக்குப் பன்னிரண்டு வயது. குனிய முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, வயிற்றுக்குப் பக்கவாட்டில் கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பாளாம். "நாலாங்கட்டை வரைக்கும் நான்தான் முன்னாடி" என்று கையால் காட்டினாள். விரல் இன்னும் மறக்கவில்லை. மாமியார் பார்த்துவிட்டார். புள்ளத்தாச்சி ஆடுகிற ஆட்டமா என்று ஐந்து கல்லையும் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டார்.

"அழுதியாம்மா?" என்றேன்.

"எதுக்கு அழறது? மறுநா வேற கல்லு பொறுக்கிட்டோம். அதுக்குள்ள வலி வந்துருச்சு."

எட்டாம் மாசப் பிரசவம். அந்தக் குழந்தை இல்லை. எங்களுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று மட்டும் தெரியும், இந்தக் கல் கதை தெரியாது.

குட்டி பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொக்கி தைப்பதை விட்டுவிட்டேன். அம்மா முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, டிவியில் பெயர்கள் ஓடுவதைக் காட்டி, "அது கெடக்கட்டும், அந்தப் புள்ள நல்ல நாற்காலிய எதுக்குடி வாசல்ல கொண்டுபோய்ப் போட்டா? மழ பேஞ்சா என்ன ஆகும்?" என்றாள்.

அதற்கு இன்னும் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்கள் எழுதவும்.